குணமாகிப் போன செல்கள்

திங்கட்கிழமை காலை செல் வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்ததுமே ஏதோ தப்பென்று தெரிந்துவிட்டது. குடுவைகளில் இருந்த திரவம் இந்நேரம் ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். செல்கள் தின்று பெருகினால்தான் நிறம் மாறும். வெள்ளிக்கிழமை நான் ஊற்றிவிட்டுப் போன அதே சிவப்பு, ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. பரிமாறிய தட்டைத் தொடாமல் படுத்துவிட்ட பிள்ளைகளைப் போல எல்லாக் குடுவைகளும் வரிசையாகக் கிடந்தன.

நாங்கள் செய்வது மாடுகளுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலுக்கான தடுப்பூசி. சின்ன ஆய்வகம். டாக்டரம்மா, நான், குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், அவ்வளவுதான். மாட்டு ரத்தத்தில் உள்ள வெள்ளைச் செல்களைக் குடுவையில் வளர்ப்பது என் வேலை. வேலை நாட்களில் காலையும் மாலையும் பார்ப்பேன், பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவேன், கூட்டம் அதிகமானால் இன்னொரு குடுவைக்குப் பிரித்து வைப்பேன். தடித்த கண்ணாடி போட்டிருப்பதாலும், எப்போதும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பதாலும் எனக்குக் கண்ணாடி என்றே பெயர் வந்துவிட்டது.

ஊரிலிருந்து அண்ணி போன் செய்யும்போதெல்லாம் கேட்பார்.

"அங்க என்னதான் வேலை உனக்கு?"

"செல்லுக்குச் சாப்பாடு போடுறேன் அண்ணி."

"செல்லுக்குள்ள என்ன இருக்கு?"

"கிருமி."

"கிருமிக்குச் சோறு போடவா கடல் தாண்டிப் போன? இங்க உங்கண்ணன் இருக்காரே, அவருக்குப் போட ஆளில்ல."

அண்ணி சொல்வது தப்பில்லை. கிருமி என்று நான் சொன்ன அந்த ஒட்டுண்ணிதான் எங்கள் முதல். உண்ணி மாட்டைக் கடிக்கும்போது எச்சிலோடு உள்ளே வருகிறது. வந்ததும் அது தேடிப் போவது வெள்ளைச் செல்லை. நோயைப் பிடித்து அடைக்க வேண்டிய காவல்காரனே அந்தச் செல்தான். திருடன் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்து பாய் விரிக்கிற கதை. செல்லின் மேல்தோலில் இது போய் ஒட்டிக்கொள்ளும். செல்லே அதைத் தோலோடு மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே வந்த எதையும் ஒரு பையில் கட்டி வைத்துச் செரித்துவிடுவது செல்லின் வழக்கம். இந்தக் கில்லாடி அந்தப் பையைக் கரைத்துவிட்டு நட்ட நடு வீட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. செல்லுக்குள்ளே, கட்டடத்துக்குச் சாரம் கட்டியது போல, மெல்லிய குழல்கள் ஓடுகின்றன. அவற்றை ஒட்டுண்ணி தன்னைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு செல்லைப் பெருகச் சொல்லும். செல் இரண்டாகப் பிரியும்போது தன் உள்சரக்கை இரண்டு பக்கமும் பங்கு போட அந்தக் குழல்களைத்தான் கயிறாக்கி இழுக்கும். அந்தக் கயிற்றிலேயே ஒட்டுண்ணி தன்னையும் கட்டிக்கொள்ளும். செல்லோடு சேர்ந்து அதுவும் இரண்டாகும். பிறந்த இரண்டு செல்லிலும் பாதி பாதியாக அது இருக்கும். இதற்கு நடுவில் செல் ஒன்றை மறந்தேவிடும். தனக்கு ஒரு சாவு உண்டு என்பதை.

மாட்டின் உடம்பில் இது நடந்தால் கழலை வீங்கிக் காய்ச்சலில் மாடு விழுந்துவிடும். குடுவையில் வருடக்கணக்கில் வளர்த்தால் ஒட்டுண்ணி சாதுவாகிவிடும். அந்தச் சாதுவான செல்லைக் கன்றுக்கு ஊசியில் ஏற்றினால் லேசான வீக்கத்தோடு போய்விடும். கன்றின் உடம்பு ஆளை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்து நிஜ உண்ணி கடித்தாலும் பயமில்லை. எங்கள் தடுப்பூசி அவ்வளவுதான். ஒட்டுண்ணி உயிரோடு இல்லாவிட்டால் செல் பெருகாது. செல் பெருகாவிட்டால் ஊசி இல்லை.

போன வாரமே பெரிய குடுவைகள் நின்றுபோயிருந்தன. டாக்டரம்மா நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருந்த மூலக் குப்பிகளில் இரண்டை எடுத்து உருக்கிப் புதிதாக வளர்க்கச் சொன்னார். அவைதான் இப்போது சிவப்பாகவே கிடந்தவை. தொட்டியில் மிச்சம் ஒரே ஒரு குப்பி.

டாக்டரம்மா வந்து குடுவைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மெல்லிய ஆள், பேச்சும் மெலிசு. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதுதான் பயம்.

"மழை எப்போ ஆரம்பிக்கும்?"

"அடுத்த மாசம்னு சொல்றாங்க."

"மழை வந்தா உண்ணி புல்லுல ஏறிடும். அதுக்குள்ள ஊசி வெளிய போகணும். நாளைக்குக் காலையில கடைசிக் குப்பியைத் திறந்துடுவோம்."

"அதுவும் இப்படியே ஆயிட்டா?"

"ஆயிட்டா என்ன? நீ உங்கண்ணனுக்குச் சோறு போடப் போகலாம். நான் எங்க போறதுன்னுதான் தெரியல."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்தக் குப்பியும் போனால் இந்தச் செல்களின் வம்சமே முடிந்தது. வேறு எங்கும் இல்லை. புதிதாக ஒன்றை எடுத்துச் சாதுவாக்க எத்தனை வருடம் ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல், ஒரு குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டேன். வழக்கமாக ஒவ்வொரு செல்லின் வயிற்றிலும் மிளகுப் பொடி சிந்தியது போல ஊதாப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிக் கூட்டம்தான் ஒட்டுண்ணி. இன்று செல்கள் இருந்தன. உருண்டையாக, ஓரம் கலையாமல், தலை வாரிப் பவுடர் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகளைப் போல இருந்தன. இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. வயிற்றில்தான் ஒரு புள்ளி இல்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். குனிந்தவர் சீக்கிரம் நிமிரவில்லை.

"இது நோய் வந்து சாகலை கண்ணாடி," என்றார். "நோய் போய்ச் சாகுது."

"புரியலம்மா."

"யாரோ இதுங்களைக் குணப்படுத்திட்டாங்க. உள்ள இருந்தவன் செத்துட்டான். அவன் இருந்த வரைக்கும் செல்லுக்குச் சாவு ஞாபகமே இல்ல. அவன் போனதும் எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. பெருகுறதை நிறுத்திட்டு ஒண்ணொண்ணா கிளம்புது." நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "உண்ணிக் காய்ச்சல் மருந்து எதுவும் இந்த ரூமுக்குள்ள வந்துச்சா?"

"நம்மகிட்ட ஏதும்மா அந்த மருந்து? நாம அதுக்கு எதிர்க்கட்சி இல்லையா?"

"அப்போ எதுல வந்திருக்கும்? தண்ணி மாத்தலை. உப்பு மாத்தலை." விரலை மடக்கிக்கொண்டே வந்தவர் நின்றார். "சீரம் மாத்தினோம்."

செல்களின் சாப்பாட்டில் கன்றின் சீரம் கலக்க வேண்டும். ரத்தத்தை உறைய விட்டால் மேலே தெளிந்து நிற்குமே, அந்த வைக்கோல் நிறத் தண்ணீர். வெளியிலிருந்து பெட்டியில் வரும். இந்த முறை பெட்டி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. அதனால் பக்கத்துக் கொட்டகைக் கன்றிடம் எடுத்து, வடிகட்டி, அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். பால்காரக்காவின் கொட்டகை. ரத்தம் வாங்கி வந்தது நான்தான்.

"கன்னு நல்லா இருக்கான்னு கேட்டேம்மா. கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னாங்க."

"கல்லு மாதிரி எப்படி ஆச்சுன்னு இன்னைக்குக் கேட்டுட்டு வா. அங்கதான் தப்புன்னா..." டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டார். "செல் ரூம்ல வேலை செய்யற நீ தினம் சாயங்காலம் மாட்டுக் கொட்டகைக்குப் போறது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. குளிச்சு உடுப்பு மாத்திட்டுத்தான் வர்றியேன்னு கண்டும் காணாம இருந்தேன். அங்கிருந்துதான் வந்ததுன்னா, இனி அந்தக் கொட்டகை வாசல் படலை நீயும் தாண்டக் கூடாது. நானும் அவங்க மாட்டுல கை வைக்க மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தப் படலுக்கு இந்தப் பக்கம் எனக்கு யாரும் இல்லை.

நான் இங்கே வந்து சேர்ந்த புதிதில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அறைக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத நாட்கள். காலையில் வாசலில் வைத்த பால் பாட்டில் மறுநாளும் அங்கேயே இருப்பதைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டியவர் பால்காரக்கா. எத்தனையோ பேர் அந்தப் பாட்டிலைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவர் கதவைத் திறக்க வைத்து, என் நெற்றியைத் தொட்டு, "பால் திரிஞ்சு போச்சு, நீயும் திரியப் பாக்குற" என்று திட்டிக்கொண்டே கஞ்சி வைத்தார். அன்றிலிருந்து எனக்கு அக்கா. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் அடிக்க வருவார். அதனால் சாயங்காலம் போய்ப் புல் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, வாளியைக் கழுவி வைத்துவிட்டு வருவேன். வாயால் சொல்ல விடாததைக் கையால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று போனபோது அக்கா கறந்துகொண்டிருந்தார். நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். காளைக்காரர் வாசலில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிறவர். உறைந்த விந்தைக் குளிர்க் கேனில் வைத்துத் தெருத் தெருவாகப் போவார். காளையைக் கேனில் அடைத்து வைத்திருக்கிறார் என்று பிள்ளைகள் பின்னால் ஓடும். கையோடு மற்ற ஊசிகளும் போடுவார்.

"வாடி கண்ணாடி. முகம் ஏன் கழுவாத சட்டி மாதிரி இருக்கு?"

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காத."

"கோவிச்சுக்கிற மாதிரி கேட்டா கோவிச்சுக்குவேன். கேளு."

"நான் ரத்தம் எடுத்துட்டுப் போனேனே, எந்தக் கன்னுக்குட்டிக்கிட்டேருந்து குடுத்த?"

"குண்டன்கிட்ட. இருக்கிறதுலயே அவன்தான் தாட்டியா இருந்தான். உங்களுக்குப் போய் நோஞ்சானைக் குடுப்பேனா?"

"குண்டன் இங்க பொறந்தவன் இல்லையே?"

"தம்பி வீட்டுலேருந்து வந்தான். அதுக்கென்ன?"

காளைக்காரர் தொண்டையைச் செருமினார். அக்கா அவரை முறைத்தார். அவர் உடனே ஸ்கூட்டர் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டார்.

"என்ன அண்ணே?" என்றேன்.

"நான் வாயைத் திறக்க மாட்டேன்மா. இங்க டீ நின்னுடும்."

"அக்கா."

பால் வாளியில் விழும் சத்தம் நின்றது. அக்கா பசுவின் வயிற்றில் நெற்றியை வைத்தபடியே பேசினார்.

"வரும்போதே காதுக்குக் கீழ கழலை இருந்துச்சு. எலுமிச்சை அளவு. மேல தொட்டா கொதிக்குது. எனக்குத் தெரியாதா அது என்னன்னு? இவரைக் கூப்பிட்டு உண்ணிக் காய்ச்சலுக்குப் போடுற அந்த மஞ்சள் மருந்தைப் போடச் சொன்னேன்."

"ரெண்டு தடவை போட்டேன்," என்றார் காளைக்காரர். "ஆள் எழுந்து என்னையே முட்ட வந்துட்டான்."

"எங்ககிட்ட ஏன்க்கா சொல்லல?"

"எப்படிடி சொல்லுவேன்? ஊசி செய்யற இடத்துக்குப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு, ஊசி போடாத கன்னைக் கொண்டுவந்து கட்டியிருக்கேன்னு டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா? அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" எழுந்து நின்றார். "என் கொட்டகை ஒரு காலத்துல பாதி காலி. ஒவ்வொண்ணா சாஞ்சுது. உங்க ஊசி வந்த பிறகுதான் நின்னுச்சு. இங்க நிக்கிற ஒவ்வொரு பசுவும் நீங்க குடுத்தது. அவங்க ரத்தம் கேக்குறாங்கன்னு நீ வந்து நின்னப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு தடவையாவது நாம குடுக்கலாமேன்னு. அதான் பாத்துப் பாத்துக் குண்டனைக் குடுத்தேன்."

"ஏன் குண்டன்?"

"மருந்து ஏறின ரத்தம்டி," என்றார், இது கூடத் தெரியாதா என்பது போல. "சும்மா ரத்தத்தைவிடக் கூடுதல் சத்து. குடிச்சா உங்க புள்ளைங்களுக்கு நோய் நொடி வராதுன்னு நினைச்சேன்."

நான் புல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தன.

"என்னடி ஆச்சு?"

"வரலக்கா. நோய் நொடி எதுவும் வரல. எல்லாம் குணமாயிடுச்சு."

"பின்ன ஏன் அழுவுற?"

சொன்னேன். எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். செல்லுக்குள் போய் உட்கார்ந்தவன் செல்லையே வேலை வாங்குவது, இரண்டாகப் பிரியும்போது அவனும் சேர்ந்து பிரிவது, அவன் இருக்கும்வரை செல் சாகாமல் இருப்பது, மருந்து பட்டு அவன் போனால் செல்லும் பின்னாலேயே போவது. அக்கா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"குணப்படுத்தினா சாகுமா? என்ன கூத்துடி இது."

"அதுங்களுக்கு நோய்தான் உயிர்க்கா."

"அப்போ நான் கொன்னுட்டேன்."

"நீ நல்லதுதான் செஞ்ச."

"நல்லதைச் செஞ்சு கொன்னுட்டேன். எல்லாமேவா?"

"நைட்ரஜன் தொட்டியில ஒரே ஒரு குப்பி இருக்கு. நாளைக்குக் காலையில அதைத் திறக்கப் போறாங்க. அதுக்கும் இதே சீரத்தைத்தான் ஊத்துவாங்க."

அக்கா குழாயடிக்குப் போனார். கை கால் கழுவினார். பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். காளைக்காரரைப் பார்த்து, "மிச்சத்தைக் கறந்து வைங்க" என்றார்.

"எனக்கு ஊசி போடத்தாம்மா தெரியும், கறக்கத் தெரியாது."

"இன்னைக்குத் தெரிஞ்சுக்குங்க." என்னிடம் திரும்பினார். "வா. நானே வந்து சொல்றேன்."

"நான் சொல்லிக்கறேன்க்கா. பேரைச் சொல்லாமகூட..."

"எதுக்கு? நீ என்னைக் காப்பாத்தப் போய் அவங்க நாளைக்கு உன்னைச் சந்தேகப்படவா? நட."

எனக்கு நடக்கக் கால் வரவில்லை. இதைச் சொல்லி முடித்ததும் நாளையிலிருந்து இந்தப் படல் மூடிவிடும். அக்காவுக்கு முன்னால் நடந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று பின்னாலேயே நடந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "என்னடி, சினை மாடு மாதிரி வர்ற?" என்றார். அப்போதும் அவருக்கு என்னைக் கிண்டல் செய்ய வந்தது. அதற்கே நான் அவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கடன்பட்டவள்.

டாக்டரம்மா வாசலிலேயே எங்களை நிறுத்தினார். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. கழலையின் அளவு, மஞ்சள் மருந்து, சொல்லாமல் விட்ட வெட்கம், கூடுதல் சத்து எல்லாவற்றையும் சொன்னார். அவ்வளவு உயரமான குரல் அன்று முழங்காலளவுக்கு இறங்கியிருந்தது. சொல்லி முடித்துவிட்டு, திட்டு வாங்க வசதியாக நிற்பது போலக் கையைத் தொங்கவிட்டு நின்றார்.

டாக்டரம்மா மிக மெதுவாகக் கேட்டார்.

"கன்னுக்குட்டி இப்போ எப்படி இருக்கு?"

அக்காவுக்குப் புரியவில்லை. "எந்தக் கன்னு?"

"காய்ச்சல் வந்த கன்னு."

"அவனா? துள்ளிக்கிட்டுத் திரியறான். கயிறு அறுக்கிறான்."

"அப்போ மருந்து நல்ல மருந்துதான்," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு இடத்துலயும் வேலை செஞ்சிருக்கு." உதட்டோரம் எதுவோ அசைந்தது. சிரிப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். "நாளைக்குக் காலையில நான் கடைசிக் குப்பியைத் திறந்து, இதையே ஊத்தி, அதையும் குணப்படுத்தியிருப்பேன். நீங்க வந்து சொன்னீங்க. அது பிழைச்சுது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இனிமே ரத்தம் குடுத்தா எல்லாத்தையும் சொல்லணும். கன்னு தும்மினாலும் சொல்லணும்."

"இருமினா?"

"அதையும்."

"சாணி போட்டா?"

"அம்மா, போங்க," என்றார் டாக்டரம்மா. அக்கா போகத் திரும்பினார். படலைப் பற்றி டாக்டரம்மா பேச்சே எடுக்கவில்லை. நானாக ஞாபகப்படுத்த நான் என்ன பைத்தியமா?

முன்பு வெளியிலிருந்து பெட்டியில் வந்த பழைய சீரம் குளிர்பெட்டியின் அடியில் ஒரு புட்டியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு குடுவைக்குத் தேறும். கடைசிக் குப்பியைத் தொடாமல், இருக்கிற குடுவைகளில் ஒன்றைப் பிழைக்க வைக்கப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். எந்தக் குடுவை என்று என்னைக் கேட்டார். ஓரத்தில் இருந்ததைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை கை ஓய்ந்துபோய், சீரத்தைப் பாதி அளவுதான் கலந்திருந்தேன் அதற்கு. மருந்து குறைவாகப் போயிருக்கும். செல்களைச் சுழற்றி அடியில் படிய வைத்து, மேல் தண்ணீரைக் கொட்டி, அலசி, மறுபடி அலசி, பழைய சீரம் கலந்து ஊற்றி வைத்தோம். மற்ற குடுவைகள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தன. அழகான செல்கள், ஒரு குறையும் இல்லாதவை, ஒவ்வொன்றாகச் சுருங்கித் தூளாயின.

அடுத்த நாட்களில் தினமும் ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டேன். முதலில் வெறும் செல்கள்தான். அவையும் குறைந்துகொண்டே வந்தன. டாக்டரம்மா கேட்க மாட்டார். கதவருகே வந்து நிற்பார். நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவார். சாயங்காலம் படலுக்கு வெளியிலேயே அக்கா நிற்பார். அவருக்கும் தலையை ஆட்டுவேன். "நாளைக்குப் பாரு" என்பார். கறவை நின்ற மாட்டிடம் பேசுகிற குரலில் சொல்வார்.

பிறகு ஒரு காலையில், வெறிச்சோடிய கண்ணாடித் துண்டின் மூலையில் ஒரு செல்லைப் பார்த்தேன். கொஞ்சம் பெருத்து, ஓரம் கலைந்து, அழுக்குப் பிள்ளையாக இருந்தது. வயிற்றில் மிளகுப் பொடி. பக்கத்தில் இன்னொன்று. அது பிரிகிற நேரத்தில் சாயத்தில் மாட்டியிருந்தது. நடுவில் செல்லின் உள்சரக்கு கோடு போட்டு நிற்க, அதன் மேலேயே ஊதாப் புள்ளிகளும் நீளமாக வரிசை கட்டியிருந்தன. இரண்டு பக்கமும் போகத் தயாராக நின்றன. மருந்துக்குத் தப்பியவர்கள். குணமான செல்கள் பெருகாது. இவை பெருகும். சில பேர் பிழைத்தால் போதும், குடுவை அவர்களுடையது.

உலகத்தில் யாரும் ஒரு ஒட்டுண்ணியைப் பார்த்து நன்றி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொன்னேன், வாய்விட்டே. கதவருகே நின்ற டாக்டரம்மாவுக்குக் கேட்டிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

துறைமுகத்திலிருந்து பெட்டியும் வந்து சேர்ந்தது. ஒரு குடுவை இரண்டாகி, இரண்டு நான்காகி, மழைக்கு முன்னால் குப்பிகள் நிறைந்தன. காளைக்காரர் கேனில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார். முதல் ஊசி குண்டனுக்கு அடுத்துக் கட்டியிருந்த கன்றுக்கு.

அன்று டாக்டரம்மாவே சொன்னார், "உங்க அக்காவைக் கூட்டிட்டு வா. யாரைக் கொல்லப் பாத்தாங்கன்னு பாக்கட்டும்."

அக்கா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருவது போல வந்தார். செல் அறைக்கு வெளியே இருந்த மேசையில் மைக்ரோஸ்கோப்பின் மேல் ஒரு குடுவையை வைத்துக் கொடுத்தேன். இதில் சாயம் கிடையாது, எல்லாம் உயிரோடு இருப்பவை. அக்கா குனிந்தார்.

"கறுப்பா வேலி மாதிரி தெரியுது."

"அது உன் இமை முடிக்கா. கொஞ்சம் பின்னால வா."

"இப்போ முத்து முத்தா இருக்கு. அடேயப்பா, எவ்வளவு. இது யாரோட ரத்தம்?"

"ஒரு கன்னோடது. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, உண்ணிக் காய்ச்சல் வந்த ஒரு கன்னுக்குட்டியோட கழலையில ஊசி போட்டு எடுத்தது. அதிலேருந்து வந்ததுதான் எல்லாம். உன் மாட்டுக்குப் போட்டது, ஊரெல்லாம் போட்டது, எல்லாம் அந்த ஒரு கன்னு."

அக்கா கண்ணை எடுக்காமலே கேட்டார். "அது இப்போ எங்க?"

"செத்துப் போச்சுக்கா. நாம ரெண்டு பேரும் இங்க வர்றதுக்கு முன்னாடியே."

"யார் வீட்டுக் கன்னு?"

"யாருக்கும் தெரியல."

டாக்டரம்மா பின்னால் வந்து நின்றதைக்கூட அக்கா கவனிக்கவில்லை.

"பெத்த மாடு எதுவோ, கட்டி வளர்த்தவ எவளோ," என்றார் கடைசியில், "அவ நல்லா இருக்கணும்."

"டீ ஆறுதும்மா," என்றார் டாக்டரம்மா. அவரே போட்டுக் கொண்டுவந்திருந்தார். இத்தனை வருடத்தில் எனக்குக்கூடப் போட்டதில்லை.

அக்கா கையை மட்டும் பின்னால் நீட்டி, பொறு என்று காட்டினார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். ஈனப் போகும் பசுவுக்குப் பக்கத்தில் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார், அவசரமே இல்லாமல், மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு.

"என்னக்கா தெரியுது?"

"சும்மா இரு," என்றார். "ஒண்ணு இடுப்பு சுருங்குது. பிரியப் போகுது."